கத்தரித்த தாள்

பழைய நாணயத்தாள் சேகரிப்போரிடையே ஒரு விதி உண்டு: மடிப்பும் மாசும் இல்லாத தாளுக்கே மதிப்பு அதிகம். நானும் நெடுங்காலம் அவ்விதியையே நம்பி வந்தேன். சோவியத் ஒன்றியம் சிதைந்த காலத்து உக்ரேனின் கூப்பன்கள் என் கைக்கு வந்த பின்னரே அந்நம்பிக்கை தளர்ந்தது.

1990 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக் கடைகளிற் பண்டங்கள் அருகின. உள்ளவற்றை அயலார் வந்து ரூபிள் கொடுத்து அள்ளிச் செல்லாதிருக்க, மக்களுக்குச் சம்பளத்துடன் கூப்பன் தாள்களும் வழங்கப்பட்டன. தாளின் ஒரு பகுதியில் உரியவரின் பெயருக்கு இடம். சுற்றிலும் தொகை குறித்த சிறு கட்டங்கள். கடைக்காரர் ரூபிளையும் பெற்றுக்கொள்வார். அதற்கீடான கட்டங்களையும் கத்தரித்துக்கொள்வார். கூப்பன் பணமன்று, பணத்தைச் செலவிடுவதற்கான அனுமதியே அது.

1991 டிசம்பரில் ஒன்றியம் கலைந்தது. ரூபிள் அச்சிடும் அதிகாரமோ மொஸ்கோவிடம் இருந்தது. சம்பளம் கொடுக்கவும் தாள் போதவில்லை. ஆகவே 1992 சனவரியில் கூப்பனே பணமாயிற்று. கார்போவானெத்ஸ் என்னும் பெயர் தாங்கிய அத்தாள்களின் முதல் வரிசையில் தொடரிலக்கந்தானும் இல்லை. சிறிது காலத்துக்கென வந்த அந்நாணயம் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1993 இல் மட்டும் விலைகள் நூறு மடங்குக்கு மேல் ஏறின. 1995 இற் பத்து இலட்சம் பெறுமதியான தாளும் வெளிவந்தது. 1996 செப்டெம்பரில் ஹிரிவ்னியா என்னும் புது நாணயம் வந்தபோது, ஓர் இலட்சத்துக்கு ஒன்றே கிடைத்தது. பத்து இலட்சம் வைத்திருந்தவர் பத்துடன் வீடு திரும்பினார்.

என்னிடம் 1991 ஆம் ஆண்டின் கூப்பன் தாள்கள் இரண்டு உள. ஒன்று முழுமையானது, கத்தரி படாதது. மற்றையதிற் பெயர்ப்பகுதியும் ஓரத்தில் மூன்று கட்டங்களுமே எஞ்சியுள்ளன. முன்னதற்கே விலை அதிகம் கொடுத்தேன்.

கூப்பன் புத்தகத்துடன் கடைவாசலிற் காத்துநின்ற தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம் சற்றே எண்ணிப்பார்க்கவேண்டும். முழுத்தாள் முழுதாய் இருப்பது ஏன்? உரியவர் கடைக்குப் போகவில்லையா? போயும் வெறுந்தட்டுகளைக் கண்டு மீண்டாரா? அதற்கு அத்தாளில் விடையில்லை. கத்தரித்த தாளின் ஒவ்வொரு வெற்றிடமும், ஒருவர் வரிசையில் நின்று ஏதோ ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுசென்றதைச் சொல்கிறது.

சென்ற வாரம் இரண்டையும் இடம் மாற்றினேன். இப்பொழுது என் தொகுப்பின் முதற் பக்கத்தில் இருப்பது கத்தரித்த தாளே.