பிள்ளை பெற்ற வீட்டில் தார் சுற்றுவது யார்?

நெசவாளர் சங்கப் பதிவேட்டில் ஒரு தறிக்கு ஒரு பெயரே எழுதப்படுகிறது. ஆனால், தறி ஓடுவதற்கு ஒருவருடைய கைகள் மட்டும் போதா என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். சிட்ட நூலைப் பிரித்து, இராட்டையில் அமர்ந்து தார் சுற்றி, நாடாவுக்கு ஊடை தீராமல் பார்த்துக் கொள்பவர் பல வீடுகளில் மனைவியே ஆவார். கோர்வைச் சேலை நெய்யும் வீடுகளில் கரை நாடாவுக்கும் அவரே துணை. அவர் பெயர் கூலிச் சீட்டில் இடம் பெறுவதில்லை. ஆகவே, அவருக்குப் பிள்ளை பிறந்தால் எத்தனை நாள் ஓய்வு, அந்நாட்களில் தார் சுற்றுவது யார் என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் எழுவதே இல்லை. பெண்களே தறியில் அமரும் வீடுகளிலோ, பிரசவத்தோடு தறியும் நின்று விடுகிறது.

தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தக் கேள்விக்கு விடை உண்டு. 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், பிரசவத்திற்குப் பின் ஆறு வாரங்கள் அவளை வேலைக்கு வைத்துக் கொள்வதையே தடை செய்தது. ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலில் 12 வாரங்களாக இருந்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாயிற்று. தன் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றும் பெண்ணுக்கு விடுப்புக் கொடுக்க முதலாளி யார்? கணவரா, நூல் கொடுக்கும் சங்கமா? சட்டம் இந்த வீட்டுக்குள் வருவதில்லை.

ஆறு வாரம் என்னும் கணக்கு தற்செயலாக வந்ததன்று. பிரசவம் முடிந்தவுடன் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். அது சுருங்கிச் சுமார் 60 கிராம் அளவுக்குத் திரும்ப ஆறு வாரங்கள் ஆகின்றன. இழந்த இரத்தம் ஊற அதனினும் அதிக நாள் செல்லும். அதனால்தான் பிள்ளை பெற்றபின் 180 நாட்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருந்தால், தண்ணீர்க் குடம் தூக்குவதும், இராட்டை முன் மணிக்கணக்கில் குனிந்து அமர்வதும் புண் ஆறும் வரை கூடாதவை. ஓய்வு என்பது பாயை விட்டு எழாமல் கிடப்பதும் அன்று. அப்படிக் கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறைய இடமுண்டு. வீட்டுக்குள் மெல்ல நடக்கலாம், உழைக்கக் கூடாது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். முதற் பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வதும், மூன்று மாதமோ ஐந்து மாதமோ தங்கி வருவதும் அதற்காக ஏற்பட்ட ஏற்பாடே. பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் கொடுத்து, தாயும் அத்தையும் வேலைகளைப் பார்த்துக் கொண்டார்கள். ஆனால், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இனியும் வைத்துக் கொள்ளலாகாது. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கும் போதெல்லாம் கொடுக்க வேண்டும். வழக்கத்தில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாய்வீட்டுச் சலுகை பெரும்பாலும் முதற் பிள்ளையோடு முடிந்து விடுகிறது. இரண்டாம் பிரசவம் புகுந்த வீட்டில். அங்கே மூத்த குழந்தை காலைக் கட்டுகிறது. பாவு தறியில் இருக்கிறது. தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் துணி வரவுப் புத்தகத்தைப் புரட்டினால் இது கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் பிள்ளை பிறந்த வீட்டில் வரவு இரண்டு வாரம் குறைந்து, மூன்றாம் வாரமே பழைய நிலைக்கு வந்து விடுகிறது. காரியதரிசிகள் அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை.

பண உதவி இல்லாமல் இல்லை. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கும் மகப்பேற்று உதவி உண்டு. தார் சுற்றும் பெண்களையும் அதில் பதிவு செய்யச் சங்கம் முயல வேண்டும். ஆயினும் பணம் வந்தவுடன் மளிகைக் கடைப் பாக்கிக்குப் போய்விடுகிறது. தார் சுற்ற வேண்டியதோ கைகள்.

கைகள் சங்கத்தில் இருக்கின்றன. ஒரு தெருவில் பத்து வீடுகள் சேர்ந்தால், 42 நாட்களுக்கு ஒரு வீட்டின் பங்கு நான்கு நாட்களுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நாளைக்கு மூன்று மணி நேரம் தார் சுற்றுவதாக வைத்துக் கொண்டாலும், ஒரு வீட்டுக்குப் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் போகாது. இதை ஒரு புத்தகத்தில் குறித்து வைக்கலாம். இன்று கொடுத்த வீடு, தன் வீட்டில் பிரசவம் வரும் போது திரும்பப் பெறும். திருமணத்தில் மொய் எழுதி நோட்டைப் பத்திரப்படுத்தத் தெரிந்த நமக்கு இது புதிய கணக்கன்று. ஆள் கிடைக்காத தெருவில், துணைவிதிகள் இடம் கொடுக்குமாயின், பொதுநல நிதியிலிருந்து தார் சுற்றும் கூலியைச் சங்கமே கொடுக்கலாம். எப்படியாயினும் அந்த வீட்டுப் பாவுக்குத் தவணை நீட்டித்துத் தருவதற்குக் காசு செலவில்லை. பஞ்சாயத்தாரின் ஒரு தீர்மானம் போதும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இம்முறை இன்னும் எளிது. களை எடுக்க ஒருவர் வயலுக்கு மற்றொருவர் ஆளாகச் சென்று, பின்னர் அந்த ஆளைத் திரும்பப் பெறுவது அவர்களிடம் முன்பே உண்டு. புல் அறுப்பதையும், காலையில் பால் சங்கத்திற்குப் பால் கொண்டு போய் ஊற்றுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் போதுமானது.

துணைக்கு வரும் பெண்கள் வெறுங்கையோடு வருவதில்லை, கண்களோடும் வருகிறார்கள். இதன் பயன் தார் சுற்றுவதிலும் பெரிது. ஒரு மணி நேரத்திற்குள் துணி முழுதும் நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கடுந்தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மூன்றாம் நாள் தொடங்கி 42ஆம் நாள் வரை ஆறு முறை வீடு வந்து பார்ப்பது அரசின் ஏற்பாடு. அதில் ஒரு முறை விட்டுப் போயிருந்தாலும், பக்கத்து வீட்டார் கிராம சுகாதார செவிலியருக்கு நினைவூட்டலாம். இரண்டு வாரம் கடந்தும் தாய் அழுதுகொண்டிருந்தால், குழந்தையைப் பார்க்கவும் மனமில்லாதிருந்தால், அதைச் சோம்பல் என்றோ பேய்க் குற்றம் என்றோ சொல்லலாகாது. அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

முறை போட வேண்டுமாயின் சங்கத்திற்குச் செய்தி முன்கூட்டியே தெரிய வேண்டும். ஏழாம் மாதத்திலேயே காரியதரிசியிடம் சொல்லி வைப்பது நலம். கணவர் சொல்லக் கூச்சப்பட்டால், நூல் வாங்க வரும் மாமியார் சொன்னாலும் புத்தகத்தில் எழுதிக் கொள்ளலாம்.