காமிராவுக்கு முன் காகிதம்

லா காலேஜ் ரோடு வழியே செல்லும் நம் அன்பர்கள் பழைய பிரபாத் ஸ்டூடியோவை அறிவர். 1960-இல் அங்கேதான் திரைப்படக் கல்லூரி தோன்றியது. மட்டக்களப்புத் தமிழரான பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றதும் அங்கேயே. நம் இல்லங்களிலும் இன்று படமெடுக்கப் புறப்படும் பிள்ளைகள் உளர். காமிராவுக்கு நாள் வாடகை கொடுக்குமுன் அவர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு: எடுக்கப்போகும் ஒவ்வொரு 'ஷாட்'டையும் தாளில் வரைந்து பார்த்தல். 'ஸ்டோரிபோர்டு' என்பது இதுவே.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுத் திரைக்கதை எழுதவில்லை. சித்திரங்களும் குறிப்புகளுமே அவருக்குத் துணை. 1952-இல் நாணற்பூ வெளியில் ஒரு நாள் படம் பிடித்தார். அடுத்த வாரம் சென்றால், பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மீண்டும் பூக்கும் பருவத்திற்கு ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. படம் முடிவதற்குள் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. இத்தகைய நீண்ட இடைவெளியில், எந்த ஷாட் முடிந்தது, எது மிச்சம், குழந்தைகள் எப்பக்கம் நோக்கி ஓடினர் என்பவற்றையெல்லாம் நினைவை மட்டும் நம்பி விட்டுவிடலாமா?

சித்திரம் வரையத் தெரியாதே என்று பிள்ளைகள் தயங்க வேண்டா. ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராயிருந்தவர். நமக்குக் குச்சி உருவங்களே போதும். யார் எங்கே நிற்கிறார், காமிரா எப்பக்கம் என்பது விளங்கினால் சரி.