ஹிக்ஸின் போக்கை அளக்கும் கோணங்கள்

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அதைவிடச் சற்றுக் கூடிய நிலத்தை வளைத்துக்கொண்டு, ஜெனீவாவுக்கு அருகே சுவிஸ், பிரெஞ்சு மண்ணுக்கடியில் 27 கிலோமீற்றர் சுரங்கம் ஒன்று வட்டமாக ஓடுகிறது. சேர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரன் மோதுவி அதற்குள்தான் இருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிய புரோத்தன்கள் அங்கே எதிரெதிராக வந்து மோதுகின்றன. நூறு கோடிக்கு மேற்பட்ட மோதல்களில் ஒன்றில்தான் ஹிக்ஸ் போசன் என்ற துணிக்கை பிறக்கும்.

2012 ஜூலை 4 அன்று மோதுவியின் அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வுக் குழுக்கள் அதைக் கண்டதாக அறிவித்தன. ஆள் அகப்பட்டாயிற்று. மற்றத் துணிக்கைகளோடு அது பழகும் விதம் துணிக்கை இயற்பியலின் நியம மாதிரி சொன்னபடிதானா என்பதே அடுத்த கேள்வி.

பிறந்த ஹிக்ஸ் ஒரு செக்கனில் கோடி கோடி கோடியில் ஒரு பங்குகூட நிலைக்காது. ஆகவே அது விட்டுச்சென்ற துணிக்கைகளையே விசாரிக்க வேண்டும். பத்தாயிரம் ஹிக்ஸ்களில் ஏறக்குறைய ஒன்று, இரண்டு இசட் போசன்கள் வழியாக நான்கு இலத்திரன்களாகவோ மியூவன்களாகவோ சிதைகிறது. அரிதென்றாலும் தடம் தெளிவானது. ஒவ்வொரு இசட்டும் ஒரு சோடியைத் தரும்; ஒவ்வொரு சோடியும் ஒரு தளத்தை அமைக்கும். அந்த இரு தளங்களுக்கும் இடையிலான கோணம் எந்தெந்த அளவில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால், ஹிக்ஸின் குணம் புலப்படும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி கோட்போலே (1952–2024) இந்த வழியைக் கண்டுபிடிப்புக்கு முன்பே, 2007இல், சக ஆய்வாளர்களோடு கணக்கிட்டுக் காட்டியவர்.

எதைத் தேடுகிறார்கள்? துணிக்கைகளை எதிர்த்துணிக்கைகளாக்கி, இடம்வலத்தையும் மாற்றிப் பார்த்தாலும் நியம மாதிரியின் ஹிக்ஸ் மாறாது. மாறும் கூறு சிறிதளவு கலந்திருந்தாலும், பிரபஞ்சத்தில் எதிர்ச்சடம் அருகிச் சடம் மட்டும் எஞ்சியது ஏன் என்ற புதிருக்கு ஒரு துப்புக் கிடைக்கும்.

ஹிக்ஸ் இரு டௌ துணிக்கைகளாகச் சிதையும்போது இந்தக் கலப்பை ஒரு கோணமாகவே அளக்கலாம். கலப்பே இல்லையென்றால் 0 பாகை. முழுக்க மாறும் வகையென்றால் 90. சிஎம்எஸ் கண்டது −1 பாகை, பிழை எல்லை 19. அட்லஸ் கண்டது 9 பாகை, பிழை எல்லை 16. ஆகவே 90 பாகைக்கு இனி இடமில்லை எனலாம். பத்துப் பாகைக் கலப்பை மட்டும் இந்த அளவீடுகளால் மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. மோதல்களைப் பன்மடங்காக்க மோதுவியை மேம்படுத்துவது இந்தப் பிழை எல்லையைக் குறுக்கவும்தான்.