காதுக்குள் ஒரு ரீங்காரம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிற்கு ஏறுகையில் நம் காதுகள் அடைத்துக்கொள்கின்றன. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதே காரணம். எச்சில் விழுங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வளைகுடா நாடுகளில் துளைக்கருவிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் இடையே பல்லாண்டு உழைத்துச் செவி பழுதுற்றுத் திரும்பியவருக்கு அம்மலையின் அமைதி ஆறுதல் தருவதில்லை. அமைதியில்தான் அவருடைய காதிரைச்சல் மிகுதியாகக் கேட்கிறது.

அரபியில் இதனைத் 'தனீன்' என்பர். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில், காது நோய்களுடன் இதனையும் ஆராய்ந்துள்ளார். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் பேரோசையால் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. குறைந்துபோன ஒலியை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டுவதாலேயே இல்லாத ஓசை கேட்கிறது என இன்றைய அறிஞர் பலர் விளக்குகின்றனர்.

85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் பணியாற்றலாம் என்பது பரவலான அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சும்.

மொழி அறியாமையும் வேலை பறிபோகும் என்ற அச்சமும் புலம்பெயர்ந்தோரை வாய்மூட வைக்கின்றன. இழப்பு எங்கே நேர்ந்தது என்பதற்கும் சான்று இருப்பதில்லை. எனவே பயணத்திற்கு முன்பும் விடுப்பில் வரும்போதும் கேட்புத்திறன் சோதனை செய்து, அந்த அறிக்கையைக் கடவுச்சீட்டுடன் பேணி வைப்போம். திடீரெனச் செவி மந்தமானாலோ ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ மருத்துவரை அணுகத் தாமதியோம். இரைச்சலை முற்றிலும் அகற்றும் மருந்து இல்லையெனினும், செவிக்கருவியும் உளவழிப் பயிற்சியும் அதன் துன்பத்தைத் தணிக்கின்றன.