இல்லாத நூலை அறியுமாறு

நூறு ஆடுகளுள் ஒன்று தப்பிப்போனதை உணர்ந்து தேடிச் சென்ற மேய்ப்பனது உவமையை நாம் அறிவோம். நூறு என்னும் கணக்கு அவன் உள்ளத்தே இருந்தமையாலன்றோ ஒன்று குறைந்தமை புலனாயிற்று? நூல்நிலையத்தார் பட்டியலொடு நூல்களைச் சரிபார்க்குங்கால், காணாமற்போன நூலும் இவ்வாறே தெரியவரும். ஆனால், ஒருநாளும் உள்ளே வாராத நூலை எக்கணக்குக் காட்டும்? அது பட்டியலிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை. அதன் பெயரையே கேட்டறியாத மாணவன் அதனை வேண்டுவதுமில்லை. அப்பொருள்பற்றி எவரும் எழுதிற்றிலர் என்றே எண்ணிச் செல்வான். சர்வகலாசாலை நூல்நிலையத்துக்கு இதனினும் பெரிய குறை யாதுளது?

இக்குறையை அறியும் வழி, ஒத்த நிலையிலுள்ள பிற நூல்நிலையங்களோடு ஒப்பிடுதலாம். தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. 1887-ல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஏட்டுப்பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கியே அதனைப் பதிப்பித்தார்கள். ஒரு பிரதியையே பன்முறை படிப்பினும் அதில் விடுபட்ட அடி தோன்றாது. மற்றொரு பிரதியை அருகில் வைத்தாலன்றோ தோன்றும்?

ஒப்பிடற்கு முதற்கருவி நூற்பட்டியல். தமிழ் நூல்களுக்கு மர்டாக் என்பார் 1865-ல் வெளியிட்ட பட்டியலும், பார்னெட்டும் போப்பையரும் 1909-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் மியூசியப் பட்டியலும் பழைய நூல்களைச் சரிபார்க்க இன்றும் உதவும். அடுத்த கருவி, பல நூல்நிலையங்களின் இருப்பை ஒருங்கே காட்டும் கூட்டுப் பட்டியல். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் 1971-ல் தொடங்கிய அத்தகைய பட்டியலே இன்று வோர்ல்டுகேட் என வழங்குவது. ஒத்த நிலையங்கள் பலவற்றில் இருந்து, நம்மிடம் மட்டும் இல்லாத நூல்களைக் கணிப்பொறி இதிலிருந்து விரைவில் பிரித்துக் காட்டும்.

எண்ணிக்கை மட்டும் அமையாது. ஆதலின் அந்நாட்டு ஆராய்ச்சி நூல்நிலையக் குழுவினர், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒவ்வொரு துறையையும் 0 முதல் 5 வரை தரப்படுத்தும் அளவுகோல் ஒன்றை வகுத்தனர். 3 என்பது வகுப்புப் பாடத்துக்குப் போதிய நிலை. 4 ஆராய்ச்சிக்குரிய நிலை. 5 முற்றத் தொகுத்த நிலை. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மாணவரைச் சேர்த்துக்கொண்ட துறையின் நூற்றொகுதி 2-ஆம் தரத்தில் நிற்குமாயின், குறை அங்கேயே வெளிப்படும்.

இதன்கண் எச்சரிக்கையும் வேண்டும். மருத்துவம் கற்பியாத கலாசாலை மருத்துவக் கலாசாலையோடு தன்னை ஒப்பிடுதல் பயனின்று. ஒரே பாடநூலின் பத்துப் படிகளைப் பத்து நூல்களாக எண்ணுதலும் தவறு. அன்றியும், எல்லா நூல்நிலையங்களும் ஒருங்கே புறக்கணித்தவற்றை ஒப்பீடு காட்டமாட்டாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையுங்கூடச் சேர்த்து வைத்தார். அத்தொகுதியை அடிப்படையாகக் கொண்டு 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூல்நிலையம் எழுந்தது. பிறரைப் பார்த்தே வாங்கியிருந்தால் அவர் அவற்றைத் தொட்டிருப்பாரோ?

ஆகவே, ஒப்பீட்டால் கிடைக்கும் குறைப்பட்டியலை அப்படியே வாங்கும் பட்டியலாகக் கொள்ளலாகாது. ஆசிரியரிடமும் மாணவரிடமும் அதனைக் காட்டி, வாங்குவன இவை, பிற நிலையத்தினின்று இரவல் பெறுவன இவை, வேண்டாதன இவை எனப் பிரித்தல் வேண்டும். மேய்ப்பனுக்கு ஆட்டின் கணக்குத் தெரிந்திருந்தது. நமக்கோ அண்டை மந்தையைப் பார்த்தே நம் கணக்கை அறியவேண்டியிருக்கின்றது. அறிந்தபின் தேடிச் செல்லுதல் நம் கடனாம்.