கழுத்துக்குக் ‘கரண்ட்’ வைத்தால் வலி போகுமா?

குப்புறப் படுத்திருப்பவரின் பிடரியிலும் தோள்பட்டையிலும் நான்கு பட்டைகள். அவற்றிலிருந்து பக்கத்து மேசையில் இருக்கும் பெட்டிக்கு ஒயர்கள். “தெரியுதா சார்?” “லேசா.” “கூட்டவா?” “ம்… போதும், போதும்.” பதினைந்து, இருபது நிமிடம் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுக்கும். பெட்டி ‘பீப்’ என்றதும் எழுந்து கழுத்தைத் திருப்பினால் பலருக்கு வலி பாதியாகக் குறைந்திருக்கும். மறுநாள் காலையில் அது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். பிசியோதெரபி மையங்களுக்குப் போய்வந்தவர்கள் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள்.

கரண்ட் எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தால், வலி ஏன் திரும்புகிறது என்பதும் புரியும். அது கழுத்தெலும்பையோ ஜவ்வையோ சரிசெய்வதில்லை. மூளைக்குப் போகும் வலிச் செய்தியை நடுவில் மறிக்கிறது, அவ்வளவுதான். முழங்கையை இடித்துக்கொண்டால் கை தானாகத் தேய்க்கப் போகிறது, வலியும் சற்று அடங்குகிறது. தொடு உணர்வைச் சுமக்கும் பருத்த நரம்பிழைகள், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே அமுக்கிவிடுகின்றன. வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் இதை ஒரு ‘வாயில்’ என்று விளக்கினார்கள். இரண்டே ஆண்டில் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலி தணிவதைக் காட்டினார்கள். (முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். அந்த மீன் “கூட்டவா?” என்று கேட்டிருக்காது.)

இன்றைய பெட்டிகளில் இரண்டு வகை அதிகம். ‘டென்ஸ்’ நொடிக்கு ஏறத்தாழ 100 துடிப்புகளைத் தோல்வழியே அனுப்பும். சட்டைப்பையில் அடங்கும் அளவிலும் கிடைக்கிறது. ‘ஐ.எஃப்.டி.’ கொஞ்சம் தந்திரமானது. ஒரு ஜோடிப் பட்டைகளில் 4,000 ஹெர்ட்ஸ், இன்னொரு ஜோடியில் 4,100 ஹெர்ட்ஸ். இரண்டும் உடலுக்குள் குறுக்காகச் சந்திக்கும் இடத்தில், வித்தியாசமான 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் உருவாகிறது. அதிர்வெண் கூடினால் தோலின் தடை குறையும். அதனால் சுள்ளென்று குத்தாமல் உள்ளே போக முடிகிறது. ஜெல் தடவித் தேய்க்கும் அல்ட்ராசவுண்டையும் கரண்ட் என்றே பலர் சொல்கிறார்கள். அது ஒலி அலை.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கழுத்துவலிக்கான மின்சிகிச்சைகள் பற்றிய 20 ஆய்வுகளை, 1,239 பேரின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2013-ல் அலசியது. டென்ஸ் உள்ளிட்ட சில முறைகள் போலிச் சிகிச்சையைவிடச் சற்று மேலாகத் தெரிந்தன. ஆனால் ஆய்வுகள் சிறியவை, சான்றின் தரமும் குறைவு. நாள்பட்ட கழுத்துவலிக்கு டென்ஸ் உதவுமா என்று மட்டும் பார்த்த 2019-ஆம் ஆண்டின் தொகுப்பு 7 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. முடிவுசொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நிறமும் வடிவமும் ஒத்த போலி மாத்திரை கொடுத்து நோயாளிக்குத் தெரியாமல் சோதிக்கலாம். குறுகுறுக்காத கரண்டை எப்படி மறைப்பது? சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2021-ல் கறாராகவே சொல்லிவிட்டது: வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு டென்ஸ், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட் மூன்றையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று.

அதனால் கரண்ட் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அது தரும் ஒரு மணி, இரண்டு மணி நிம்மதியை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. பின்லாந்தில், நாள்பட்ட கழுத்துவலி உள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2003-ல் வெளியானது. ரப்பர் பட்டையை எதிர்த்துக் கழுத்தையும், டம்பெல் தூக்கித் தோளையும் வலுப்படுத்தியவர்களில் 73 சதவீதத்தினருக்கு வலி பெரிதும் குறைந்தது, அல்லது அறவே நீங்கியது. ஒப்பீட்டுக் குழுவில் அது 21 சதவீதம். பத்து நாளும் கரண்ட் மட்டுமே வைத்து அனுப்பும் இடத்தில், ஒரு பயிற்சியாவது கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். வலி அடங்கியிருக்கும் நேரம்தான் அதற்கு வசதியானது.

ஸ்கேனில் ‘தேய்மானம்’ என்று எழுதியிருந்தால் பயந்து கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 87.6 சதவீதத்தினருக்குக் கழுத்து ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலியே இல்லாதவர்கள் அவர்கள்!

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கரண்ட் வைத்துக்கொள்ளக் கூடாது. தொண்டைப் பக்கம், அதாவது கழுத்தின் முன்புறம், பட்டையை ஒட்டவே கூடாது. ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன. மரத்துப்போன தோலிலும் புண்ணிலும் வேண்டாம். விபத்துக்குப் பின் வந்த வலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, கை பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை கரண்டுக்கு உரியவை அல்ல. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது என்று சொல்பவருக்குத் தண்டுவடம் அழுந்திக்கொண்டிருக்கலாம். அவரை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.