வெயில் இருக்கும்வரை அணையாத மின்சாரம்

இன்று எந்த ஊருக்குப் போனாலும் கூரைகளில் சோலார் பெனல்களைக் காண்கிறோம். மின்கட்டணம் கூடக் கூட, வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் சூரியனை நாடத் தொடங்கிவிட்டன. இது நல்ல மாற்றம். ஆனால் "எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும்?" என்று கேட்கும் நாம், "கூரையில் ஏறுகிறவர் பத்திரமாக இறங்குவாரா?" என்று கேட்பதில்லை. அப்படி ஏறுகிறவர் யாரோ ஒருவருடைய வாப்பா அல்லது நானா. எனவே உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவி என்ற வகையில், நான் அறிந்தவற்றை இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதல் ஆபத்து உயரம். ஒரு பெரிய பெனல் ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ளது. அகன்ற தகடாக இருப்பதால் காற்று வீசும்போது பாய்மரம்போல் ஆளையே இழுக்கும். ஆகவே அதைத் தனியொருவர் தூக்கக் கூடாது. ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதன் நுனி கூரை விளிம்புக்கு மேல் 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும். பாதுகாப்புப் பட்டியை இடுப்பில் அணிந்தால் மட்டும் போதாது. அதன் கயிறு உறுதியான இடமொன்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

நம் நாட்டில் அஸ்பெஸ்டஸ் கூரைகள் அதிகம். பழைய சீற் பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும் கால் வைத்ததும் உடைந்துவிடலாம். எனவே மரச்சட்டங்களின் மேல் பாரம் தாங்கும்படி பலகை போட்டே நடக்க வேண்டும். சீற்றைத் துளைக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடானது. ஆகவே துளைப்பவருக்கு முகமூடி அவசியம், கீழே சிறுபிள்ளைகள் நிற்கவும் கூடாது.

இரண்டாவது ஆபத்து மின்சாரம். இதைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். எங்கள் வீட்டிலும் பெனல் பூட்டுவது பற்றிப் பேச்சு வந்தபோது உம்மா, "மெயின் சுவிட்ச நிப்பாட்டினா பயமில்லத்தானே?" என்று கேட்டார். பலருடைய நம்பிக்கையும் அதுதான். ஆனால் மெயின் சுவிட்சை நிறுத்தினால் வெளியிலிருந்து வரும் மின்சாரம்தான் நிற்கும். பெனலுக்குச் சுவிட்ச் சூரியன்தான். வெளிச்சம் படும்வரை அதன் முனைகளில் அழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும்.

அது எவ்வளவு? ஒரு பெரிய பெனல் 40 முதல் 50 வோல்ற்று வரை தரும். பத்துப் பெனல்களைத் தொடராக இணைத்தால் 400 முதல் 500 வோல்ற்று. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்றுத்தான்.

அத்துடன் பெனல் தருவது நேரோட்டம். வீட்டுக்கு வரும் ஆடலோட்டத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். அது ஒரு செக்கனில் 100 தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. அதனால் தொடர்பு விடுபடும் இடத்தில் பொறி தோன்றினாலும் விரைவில் அணைந்துவிடும். நேரோட்டம் பூச்சியத்துக்கு வருவதே இல்லை. ஆகவே வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்பைக் கழற்றினால் பொறி அணையாமல் நீண்டு எரியும். கை கருகலாம், கூரை தீப்பற்றலாம். தளர்வாகப் பூட்டிய இணைப்பும் காலப்போக்கில் இதே நிலைக்குக் கொண்டுபோகும்.

எனவே தொகுதியை நிறுத்தும்போது ஒழுங்குமுறை முக்கியம். முதலில் ஆடலோட்டச் சுவிட்ச், பிறகு நேரோட்டச் சுவிட்ச். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம். இப்படியான வேளைகளில் வீட்டிலுள்ள பெண்களும் இதைச் செய்ய வேண்டி வரலாம். எனவே பூட்ட வருபவரிடம் இரண்டு சுவிட்சுகளையும் காட்டச் சொல்லி, பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

"கரண்ட் போனால் நம் சோலாரும் ஏன் நின்றுபோகிறது?" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அது பழுதல்ல. வீதியில் கம்பியைத் திருத்தும் ஊழியரின்மேல் நம் கூரை மின்சாரம் பாய்ந்துவிடாதிருக்கவே இன்வேட்டர் தானாக நின்றுவிடுகிறது. நாம் காணாத ஒருவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. அதை மாற்றியமைக்க எவருக்கும் இடங்கொடுக்கக் கூடாது.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். தகுதி பெற்றவர்களிடமே வேலையைக் கொடுங்கள். புவித்தொடுப்புச் செய்தார்களா என்று கேளுங்கள். மழையிலும் இடிமின்னலிலும் "இன்றைக்கே முடித்துத் தாருங்கள்" என்று அவசரப்படுத்த வேண்டாம். உச்சி வெயிலில் கொதிக்கும் பெனலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். எனவே காலையிலேயே, முடிந்தால் நிலத்தில் நின்று நீண்ட தூரிகையால் கழுவுங்கள். வெடித்த பெனலையும் தோல் உரிந்த வயரையும் தொடாதீர்கள். எவரையாவது மின்சாரம் தாக்கினால் வெறுங்கையால் பிடித்து இழுக்காமல், உடனே 1990 சுவசெரிய இலக்கத்துக்கு அழையுங்கள்.

சூரிய ஒளி இறைவன் விலையின்றித் தந்த அருள். உயிர் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மின்கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் அந்த அமானிதத்தைப் பாழாக்கிவிடக் கூடாது. அது நம் உயிராக இருந்தாலும் சரி, நாட்கூலிக்கு நம் கூரையில் ஏறுபவரின் உயிராக இருந்தாலும் சரி.